தோற்றவர் ஜெபிக்க வேண்டும்

யாங்கோனின் லான்மடாவில் கயிறும் தார்ப்பாயும் விற்கும் தெருவில், அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பற்றி யாருக்காவது சந்தேகம் வந்தால் ஏசுரத்தினத்தைக் கேட்கலாம். இதுவரை யாருக்கும் வந்ததில்லை. ஆனாலும் அவரிடம் பதில் தயாராக இருந்தது.

அவருக்கு அறுபத்தொன்பது வயது. மிஷன் பள்ளி ஆசிரியரின் மகன். கப்பல் ஏஜென்ட் ஒருவரின் ஆபீசில் ஆங்கிலக் கடிதம் எழுதியே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகு அஷ்ஃபாக்கின் கயிற்றுக்கடையில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, தெருவிலுள்ள கடைக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் வேண்டியதை எழுதிக் கொடுத்து வந்தார். எந்த விளையாட்டிலும் அவருக்கு ஆர்வம் இருந்ததில்லை. ஊரே விழித்திருந்து இங்கிலாந்து லீக் பார்க்கும் இரவுகளில் அவர் குறட்டை விட்டுத் தூங்கினார். அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்லும் அந்த முட்டை வடிவப் பந்தை அவர் கையால் தொட்டதில்லை. இப்படிப்பட்டவர் அதன் சங்கங்கள், ஒப்பந்தங்கள், டெலிவிஷன் பங்கீடு எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தார் என்றால், அதற்குக் காரணம் விளையாட்டாக இருக்க முடியாது.

காரணம் இரண்டு பிள்ளைகள். மூத்தவன் நெல்சன், இளையவள் ஜெசி. நெல்சன் முதலில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போய், படித்த பல்கலைக்கழகத்திலேயே ஆய்வுக்கூட வேலையில் ஒட்டிக்கொண்டான். ஜெசி நர்ஸ் படிப்புக்குப் பக்கத்து மாநிலத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். அவளும் அந்த ஊர் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டாள். இரண்டு ஊருக்கும் நடுவே காரில் இரண்டு மணி நேரம். அந்தப் பல்கலைக்கழகங்களின் முழுப் பெயரை ஏசுரத்தினம் ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கு ஒன்று நெல்சன் காலேஜ், மற்றது ஜெசி காலேஜ்.

இந்த இரண்டு காலேஜும் நூறு வருஷத்துக்கு மேலாக ஒவ்வொரு நவம்பரிலும் கடைசிச் சனிக்கிழமை மோதிக்கொண்டன. பரிசு, ஒரு பழைய படகுத் துடுப்பு.

"துடுப்பா?" என்றார் அஷ்ஃபாக், முதல்முறை கேட்டபோது. "நம்ம க்யிம்யிண்டைங் படகுத்துறையில போய் நின்னா சும்மாவே குடுப்பானே ரத்னண்ணே. கையில தூக்கிட்டு ஓடுற வெளையாட்டுக்கு ஃபுட்பால்னு பேரு, ஜெயிச்சா துடுப்பு. பைத்தியக்காரப் பயலுவ."

"உங்க ஆளுங்க மட்டும் என்ன? பதினொரு பேர் ஒண்ணரை மணி நேரம் ஓடி, கடைசியில ஜீரோ ஜீரோ."

அங்கே சனிக்கிழமை மாலை என்றால் யாங்கோனில் ஞாயிற்றுக்கிழமை காலை. ஆலயக் கமிட்டியில் இருபது வருஷம் இருந்த ஏசுரத்தினம், வருஷத்தில் அந்த ஒரு ஞாயிறு மட்டும் ஆராதனைக்குப் போகமாட்டார். ஜெபத்துக்காகத்தான் போகவில்லை என்பார். போதகர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டார். அது வேடிக்கை அல்ல.

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. போட்டவர் அவர் மனைவி இராஜகுமாரி. பிள்ளைகள் சிறுவயதில் மாலையில் கேரம் ஆடுவார்கள், ஆட்டம் சண்டையில் முடியும். ஞாயிறு பள்ளி நடத்திப் பழகிய இராஜகுமாரி ஒருநாள் தீர்ப்புச் சொன்னாள்: அன்றைய குடும்ப ஜெபத்தைத் தோற்றவர்தான் செய்ய வேண்டும். ஜெயித்தவரின் பெயரைச் சொல்லி, உரக்க, முணுமுணுக்காமல். வாசகத்தையும் அவளே கொடுத்தாள்: 'ஆண்டவரே, என்னை ஜெயித்த இன்னாரை ஆசீர்வதியும். இன்னாருடைய கையின் வேலையைப் பெருகப்பண்ணும். எங்களுக்குள்ளே கசப்பு வராமல் காத்தருளும்.' ஒன்பது வயது நெல்சன் ஒருமுறை, 'என்னை ஏமாற்றி ஜெயித்த ஜெசியை ஆசீர்வதியும்' என்று ஜெபித்தான். முதலிலிருந்து திரும்பச் சொல்லவைத்தாள். பாதி ஆட்டத்தில் போர்டை விட்டு எழுந்துபோனால் எழுந்தவர்தான் தோற்றவர் என்று ஒரு உபவிதியும் இருந்தது.

கேரம் போர்டு போன பிறகு அந்த இடத்துக்குக் காலேஜ் ஆட்டம் வந்தது. நவம்பரின் அந்த ஞாயிறு காலை நான்கு பேரும் போனில் கூடுவார்கள். படம் வராது. யாங்கோன் இணையத்துக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. ஜெசி வாயாலேயே வர்ணனை சொல்வாள், நெல்சன் குறுக்கே விழுந்து மறுப்பான். ஆட்டம் முடிந்ததும் தோற்ற காலேஜின் பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு ஜெபிக்கும்.

பிறகு இரண்டாயிரத்து இருபத்தொன்று ஜூலை வந்தது. யாங்கோனில் ஒவ்வொரு தெருவிலும் ஆக்சிஜன் சிலிண்டருக்கு மனிதர்கள் வரிசையில் நின்ற ஜூலை. இராஜகுமாரிக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று நெல்சன் கத்தினான். அங்கே படுக்கை இல்லை டாடி, அலைக்கழிக்காதீர்கள், வீட்டிலேயே வையுங்கள் என்று நர்ஸான ஜெசி அழுதாள். ஏசுரத்தினம் வீட்டிலேயே வைத்தார். அவள் போய்விட்டாள். யார் சொன்னது சரி என்பது அந்த ஜூலையில் யாருக்கும் தெரியாது. இனியும் தெரியப்போவதில்லை. தெரியாத விஷயத்தில்தான் மனிதர்கள் உறுதியாக இருப்பார்கள். நெல்சன் தங்கையோடு பேசுவதை நிறுத்தினான். ஜெசி, அவன் பேசாமல் நான் பேசுவதில்லை என்றாள். காரில் இரண்டு மணி நேர தூரத்தில் இருந்த இருவரும், பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்த தகப்பனோடு தனித்தனியாகப் பேசினார்கள். ஒருவர் பெயரை மற்றவர் சொல்லவே இல்லை. 'அங்கே' என்றார்கள். 'அங்கே எப்படி?' என்றுகூடக் கேட்கவில்லை.

நவம்பர் வந்தது. அந்த ஞாயிறு காலை ஏசுரத்தினம் நம்பிக்கையில்லாமல் போனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இருவரும் வந்தார்கள். வர்ணனை இல்லை, சிரிப்பு இல்லை. நெல்சன் காலேஜ் தோற்றது.

"ரூல்னா ரூல் டாடி," என்றான் நெல்சன். "ஆண்டவரே, என்னை ஜெயித்த ஜெசியை ஆசீர்வதியும்..."

அடுத்த வருஷம் ஜெசி காலேஜ் தோற்றது, அண்ணன் பெயரைச் சொல்லி அவள் ஜெபித்தாள். அதற்கடுத்த வருஷம் மறுபடி நெல்சன். வருஷத்தில் ஒரு நிமிஷம். மீதி நாளெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தை வைத்துத்தான் ஏசுரத்தினம் ஓட்டினார். என்றைக்காவது ஒருநாள் 'ஆமென்' சொன்ன பிறகும் யாராவது லைனை வைக்காமல் இருப்பார்கள் என்பது அவர் கணக்கு.

அப்போதுதான் நெல்சன் காலேஜ் சங்கம் மாறியது.

இதை அவர் அஷ்ஃபாக்குக்கு விளக்கிய விதம் இது: "அங்க காலேஜெல்லாம் சங்கம் சங்கமா சேர்ந்திருக்கும் பாய். கான்ஃபரன்ஸ்னு பேரு. ஒரு சங்கத்துக்குள்ள இருக்கவன் ஒருத்தரோட ஒருத்தர் ஆடியாகணும். இப்ப டெலிவிஷன்காரன் பெரிய சங்கத்துக்குப் பெரிய பங்கு குடுக்கறான். நெல்சன் காலேஜ் நூறு வருஷமா இருந்த சங்கத்தை விட்டுட்டுப் பெரிய சங்கத்துக்குப் போயிருச்சு. ஜெசி காலேஜைக் கூப்பிடலை."

"சரி, போகட்டும். நவம்பர்ல வந்து ஆடிட்டுப் போக வேண்டியதுதானே?"

"எடமில்லையாம். அட்டவணை நிரம்பிருச்சாம். இனிமே மூணு மணி நேரம் பிளேன்ல போய் ரெண்டு சமுத்திரத்துக் கரையிலயும் ஆடணும்."

"பக்கத்து வீட்டுக்காரனோட ஆட நேரமில்ல, சமுத்திரக் கரைக்குப் போக நேரமிருக்கு." அஷ்ஃபாக் கயிற்றை அளப்பதை நிறுத்தினார். "ஏன் ரத்னண்ணே, நம்ம பஸ் நம்பரெல்லாம் ஒரே ராத்திரியில மாத்தினானே, அந்த மாதிரியா?"

"அந்த மாதிரிதான். அப்ப நம்பர்தான் மாறுச்சு, பஸ் தெருவுக்கு வந்துச்சு. இது வராது."

இரண்டாயிரத்து இருபத்துநான்கு நவம்பரில் ஆட்டம் இல்லை. துடுப்பு ஜெசி காலேஜில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றது. அந்த ஞாயிறு ஏசுரத்தினம் ஆராதனைக்குப் போனார். போதகர் கைகுலுக்கி மகிழ்ச்சி தெரிவித்தார்.

பிள்ளைகளை நேரில் உட்காரவைத்துப் பேச வழியில்லை. மியான்மர்காரர்களுக்கு அமெரிக்க விசாவின் கதவு மூடிக்கிடந்தது. அவர்கள் இங்கே வரலாம். வந்தால் திரும்பிப் போக விடுவார்களா என்று யாருக்கும் நிச்சயமில்லை. ஆகவே அவர் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். படித்தார். படித்ததில் பௌல் ஆட்டங்கள் அகப்பட்டன.

டிசம்பரில், சீசன் முடிந்த பிறகு, வெயில் அடிக்கும் ஊர்களில் நடக்கும் கிண்ண ஆட்டங்கள் அவை. பாதிக்கு மேல் ஜெயித்த காலேஜ்களை ஒரு கமிட்டி கூப்பிடும். திறமையைப் பார்த்து மட்டுமல்ல. எந்த காலேஜின் ரசிகர்கள் வந்து ஓட்டல் அறைகளை நிரப்புவார்கள், எந்த ஜோடியை ஜனங்கள் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று பார்த்து. வெவ்வேறு சங்கத்துக்காரர்களை எதிரெதிரே நிறுத்துவது அதன் தொழில். பிரித்தவர்களே சேர்த்துவைத்துச் சம்பாதிக்கும் இந்த ஏற்பாடு ஏசுரத்தினத்துக்கு ஆச்சரியம் தரவில்லை. அவர் ஆலயக் கமிட்டியில் இருந்தவர்.

இரண்டு சங்கத்தோடும் ஒப்பந்தம் உள்ள பௌல் ஒன்றே ஒன்று. நடுத்தரமானது. கதவுத் தாழ்ப்பாள் செய்யும் கம்பெனி அதற்குப் பெயர் கொடுத்திருந்தது. தாழ்ப்பாள் பௌல் என்றே தெருவில் பிரபலமானது. அதற்கு வர, இரண்டு காலேஜும் ஏழு ஆட்டம் ஜெயித்தாக வேண்டும். ஆனால் ஒன்பது ஜெயித்துவிடக் கூடாது. ஜெயித்தால் இன்னும் பெரிய கிண்ணத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். இரண்டாயிரத்து இருபத்தைந்து செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஆலயத்தில் முழங்காலில் நின்று, தன் பிள்ளைகளின் இரண்டு காலேஜும் சுமாராக ஆடும்படி மன்றாடிய ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும்.

"டாடி, எட்டாவது ஜெயிச்சாச்சு!" என்று நெல்சன் குதித்த அன்று, "போதும்பா, போதும். ஆசை கூடாது," என்றார்.

அதோடு நிற்கவில்லை. வாழ்நாளெல்லாம் கிளார்க்காக இருந்தவர். மேலிடம் ஒன்று இருந்தால் அதற்கு மனு ஒன்றும் உண்டு என்று நம்புகிறவர். தாழ்ப்பாள் பௌல் கமிட்டிக்கு மின்னஞ்சலில் மனு அனுப்பினார். 'தங்கள் மேலான சமூகத்துக்கு மிகுந்த தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்' என்ற பாணியில், துறைமுக அதிகாரிக்கு எழுதும் அதே ஆங்கிலத்தில், ஒரு குடும்பத்தின் நன்மையை முன்னிட்டு இவ்விரு கல்லூரிகளையும் ஜோடி சேர்க்க வேண்டினார். மறுநாளே பதில் வந்தது. ரசிகரே வருக, கடற்கரை ஓட்டலில் மூன்று இரவு தங்கினால் காலை உணவு இலவசம்.

"பார்த்தீங்களா, உடனே பதில் போடறான்," என்று அஷ்ஃபாக்கிடம் காட்டினார்.

"ஓட்டல் விளம்பரம்ணே இது."

"ஆரம்பம் இப்படித்தான் இருக்கும். ஃபைல் நகருது."

டிசம்பர் முதல் வாரம், ஒரு திங்கட்கிழமை காலை, ஜோடிகளை அறிவித்தார்கள். தாழ்ப்பாள் பௌல்: நெல்சன் காலேஜ், ஜெசி காலேஜ். பிரிந்த பகையாளிகள் மீண்டும் மோதுகிறார்கள் என்று அங்கே பத்திரிகைகள் எழுதின. டிக்கெட் அரை நாளில் பறந்ததாம். ஓட்டல்காரர்கள் காலை உணவை இலவசத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

தன் மனுவால்தான் நடந்தது என்பதில் ஏசுரத்தினத்துக்குத் துளி சந்தேகமில்லை. தெரு முழுக்கச் சமோசா வாங்கிக் கொடுத்தார். அஷ்ஃபாக் ஓட்டல் விளம்பரப் பேச்சை எடுக்காமல் இரண்டு சமோசா தின்றார். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது, மிளகாய் என்றார்.

பிள்ளைகளிடம் தனித்தனியாகச் சொன்னார்.

"வரேன் டாடி," என்றாள் ஜெசி. "ஷிஃப்ட் மாத்திக்கறேன். இந்தத் தடவை நாங்க தோத்தாலும் பரவால்ல."

"ரூல்னா ரூல்," என்றான் நெல்சன். பிறகு, போனை வைக்காமல், "துடுப்பை அங்கயிருந்து கொண்டு வருவாங்களாமா?" என்று கேட்டான். 'அங்கே' என்ற சொல்லை அவன் அப்படி மிருதுவாகச் சொல்லி ஏசுரத்தினம் வருஷக்கணக்கில் கேட்டதில்லை.

அந்த வாரம் முடிவதற்குள் நெல்சன் காலேஜின் பயிற்சியாளர் வேறொரு பெரிய காலேஜுக்குப் போய்விட்டார். அவர் போனதும் நல்ல ஆட்டக்காரர்களில் பாதிப்பேர் தாங்களும் காலேஜ் மாறப்போவதாகப் பெயர் கொடுத்தார்கள். சங்கம் மாறலாம் என்று காலேஜ்களே கற்றுக்கொடுத்த பாடத்தைப் பையன்கள் நன்றாகப் படித்திருந்தார்கள். மீதியிருப்பவர்களை வைத்து ஆட முடியாது, அழைப்புக்கு நன்றி என்று நெல்சன் காலேஜ் ஒதுங்கிக்கொண்டது. கமிட்டி அன்று மாலையே எங்கிருந்தோ வேறொரு காலேஜைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தது. ஓட்டல் அறை காலியாகக் கிடக்கக் கூடாது அல்லவா?

ஏசுரத்தினம் நெல்சனைப் போனில் பிடித்தார். அவரிடம் ஒரு வாதம் இருந்தது. ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்தார்.

"அம்மா சொன்னது ஞாபகம் இருக்காப்பா? போர்டை விட்டு எழுந்தவன்தான் தோத்தவன். உங்க காலேஜ்தானே எழுந்துருச்சு? அப்ப நீதான் ஜெபம் பண்ணணும்."

மறுமுனையில் நெல்சன் சிரித்தான். சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது.

"நான் எழுந்து போகலையே டாடி. காலேஜ் போச்சு. நான் உட்கார்ந்தே இருக்கேன்."

"ஒரு நிமிஷம்தானேப்பா. வந்துட்டுப் போ."

"ஆடாதவன் எப்படி தோத்தவன் ஆவான்? அம்மா விஷயத்திலயும் இதேதான். முடிவை வேற யாரோ எடுத்தாங்க, தோத்தது நான்."

"முடிவு எடுத்தது நான்டா."

"நீங்க அவ சொன்னதைக் கேட்டீங்க. அது வேற."

அவன் கோபமாகப் பேசவில்லை. பிள்ளைகளைச் சொன்ன சொல் தவறாதவர்களாக வளர்த்திருந்தார்கள் அவரும் இராஜகுமாரியும். சட்டம் கட்டளையிட்டால் எதிரியையும் ஆசீர்வதிப்பார்கள். சட்டம் விட்டுவிட்டால் அவர்களைப் பிடித்துவைக்க வேறெதுவும் இல்லை.

ஆட்டத்தன்று ஞாயிறு காலை அஷ்ஃபாக் பூட்டியிருந்த கடையைத் திறந்துவிட்டார். வீட்டில் மின்சாரம் இல்லை, கடையில் பேட்டரி இருந்தது. கயிற்றுச் சுருள்களுக்கு நடுவே ஏசுரத்தினம் உட்கார்ந்தார். ஜெசி மட்டும் லைனில் இருந்தாள். எதிராளி யாரென்றே தெரியாத ஆட்டத்தைக் கடமைக்கு வர்ணித்தாள். இன்னொரு பெயர் போன் திரையில் வருமென்று அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அஷ்ஃபாக் அவரைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தார்.

"டாடி," என்றாள் ஜெசி கடைசியில். "தோத்துட்டோம்."

"கெய்ஸா மஷிபூம்மா. பரவாயில்லை."

"அப்ப நான்தானே பண்ணணும்?" அவள் தயங்கினாள். "யாருக்கு டாடி? ஜெயிச்ச காலேஜ் பேரே எனக்கு நேத்துதான் தெரியும்."

"யார் ஜெயிச்சாங்களோ அவங்களுக்கு. அம்மா அப்படித்தானே சொன்னா."

ஜெசி தொண்டையைச் செருமினாள். "ஆண்டவரே, எங்களை ஜெயித்த இந்தப் பையன்களை ஆசீர்வதியும். அவர்கள் கையின் வேலையைப் பெருகப்பண்ணும். பத்திரமா வீடு போய்ச் சேரச் செய்யும். எங்களுக்குள்ளே..."

அங்கே நின்றுவிட்டாள். அடுத்த சொல் கசப்பு. எங்கிருந்தோ பிளேனில் வந்து ஜெயித்துவிட்டுப் போகிற பையன்களோடு அவளுக்கு ஒரு கசப்பும் இல்லை. ஏசுரத்தினம் கண்ணைத் திறக்காமல் காத்திருந்தார். ஒரு பெயர் வரலாம். வருவதற்கு அந்த மௌனத்தில் தாராளமாக இடம் இருந்தது. மறுமுனையில் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஆமென்," என்றாள்.

"ஆமென்," என்றார் அவர்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் மின்சாரம் வந்தது. "மீ லா ப்யி!" என்று மாடிக்கு மாடி கத்தினார்கள். குழந்தைகள் கை தட்டின, எங்கோ ஒரு தண்ணீர் மோட்டார் உறுமத் தொடங்கியது.

"என்ன டாடி அங்க அவ்வளவு சத்தம்?" என்றாள் ஜெசி. "யாரு ஜெயிச்சா?"

"யாருமில்லைம்மா," என்றார் ஏசுரத்தினம். "கரண்ட் வந்திருக்கு."